எதையும் வெளியே சொல்லாத அப்பாவுக்கு இதய நோய் வந்தால்

"அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. எல்லாவற்றுக்கும் கவலைப்படுவார், யாரிடமும் வாய் திறக்க மாட்டார். இந்தச் சுபாவத்தால் ஆபத்து கூடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பெரியப்பாவும் அப்படித்தான், அதனால் எழுதுகிறேன்.

இதய நோயாளிகளிடம் இந்தச் சுபாவத்தை ஆராய்ந்து 'டைப் டி' என்று பெயர் வைத்தவர் யோஹான் டெனோலெட் என்ற உளவியலாளர். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் 303 இதய நோயாளிகளை ஆறிலிருந்து பத்து வருடம் வரை கவனித்து, 1996-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். ஓயாத கவலையும் அதை அடுத்தவரிடம் காட்டாமல் அடக்குவதும் சேர்ந்தே இருந்தவர்களில் 27 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 7 சதவீதம். அதற்கு முன்பெல்லாம் பரபரப்பும் முன்கோபமும் கொண்ட 'டைப் ஏ' ஆட்களைத்தான் எல்லோரும் பயமுறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே இதய நோய் வந்த 257 ஆண்களைப் பற்றி 1988-இல் வந்த அமெரிக்க ஆய்வில், டைப் ஏ ஆட்களே மற்றவர்களைவிடக் குறைவாக இறந்திருந்தார்கள்!

சரி, பயந்துவிடாதீர்கள். டைப் டி பற்றிப் பிற்பாடு வந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில் அந்த வித்தியாசம் தெரியவே இல்லை. சுபாவத்தை வைத்து அப்பாவின் ஆயுளைக் கணக்குப் போட முடியாது.

என்னை உலுக்கியது வேறொரு விஷயம். இதயம் பலவீனமான நோயாளிகளிடம் நடந்த ஒரு ஆய்வில், டைப் டி ஆட்களுக்குத் தொந்தரவுகள் அதிகம் இருந்தும் அவர்கள் மருத்துவரிடம் சொல்வது குறைவு என்று தெரிந்தது. பெரியப்பா வீட்டில் நடந்தது அதேதான். படுத்தால் மூச்சு முட்டியிருக்கிறது. யாரையும் எழுப்பக் கூடாதென்று விடியும்வரை திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பெரியம்மா கேட்டால் "வாயு" என்பார். வீங்கிய காலில் செருப்பு வார் அழுந்திய தடத்தை என் அக்கா பார்த்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

உங்கள் அப்பாவை "மனசு விட்டுப் பேசுங்கள்" என்று வற்புறுத்தாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடுவார். தினமும் காலையில் எடை பார்த்து நீங்களே குறித்து வையுங்கள்; உடம்பில் நீர் கோத்தால் எடை கூடிக் காட்டிக்கொடுக்கும். மருத்துவரிடம் போகும்போது கூடவே உள்ளே போங்கள். "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்து உட்கார்ந்தீர்கள்" என்று கேளுங்கள். பெரியப்பா இப்போது இதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்கிறார்.