சென்னையில் இந்தியர்கள் தாங்களே தொடங்கி நடத்திய முதல் கிரிக்கெட் கிளப் எது, அதன் வரலாறு என்ன?

கேள்வியின் முதல் பாதிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விடை மெட்ராஸ் யுனைடெட் கிளப் என்பதே. தொடங்கிய ஆண்டு 1888; தொடங்கியவர் எம். புச்சிபாபு நாயுடு. ஆனால் அந்தக் கிளப் ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் அதன் வரலாற்றைச் சொல்ல முடியாது.

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டு, 1860களில் சேப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அது ஐரோப்பியர்களுக்கு மட்டுமே உரியது. இந்தியர் அங்கே உறுப்பினராக முடியாது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் செல்வக் குடும்பம் ஒன்றில் வளர்ந்த புச்சிபாபு, சிறுவயதில் ஆங்கிலேயத் தாதியருடன் சேப்பாக்கத்துக்குப் போய் ஆட்டம் பார்த்தவர் என்பார்கள். வளர்ந்த பிறகு அதே மைதானத்தில் விருந்தினர் அணியின் வீரராக ஆடச் சென்றபோது, ஐரோப்பியர்கள் பெவிலியனுக்குள் உணவருந்த, இந்திய வீரர்கள் வெளியே மரத்தடியில் சாப்பிட வேண்டியிருந்தது அவரை உறுத்தியது. ஆட்டத்தில் சமமாக நிற்பவன் சாப்பாட்டு வேளையில் மட்டும் ஏன் வெளியே உட்கார வேண்டும் என்பதுதான், என் பார்வையில், இந்தக் கிளப்பின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்ற கேள்வி.

அவர் மனு எழுதிக்கொண்டு காத்திருக்கவில்லை. கோட்டைக்கு அருகே எஸ்பிளனேடு பகுதியில் மைதானம் ஒன்றை உருவாக்கினார்; ஆட ஆர்வமிருந்தும் வசதியில்லாத இளைஞர்களுக்கு மட்டை முதலிய சாமான்களைத் தம் செலவிலேயே வாங்கிக் கொடுத்தார். இதை வெறும் கொடையாக எண்ணிக் கடந்துபோவது சரியல்ல. சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவுகளில் சில காலம் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அமெச்சூர் கிளப்பைக் கட்டிக் காப்பது பெரும்பாலும் சாமான்களைக் கட்டிக் காப்பதுதான். கயிற்றுப் பாயை விரித்து நாலாபுறமும் இழுத்து ஆணியடித்த பிறகே எங்கள் பிட்ச் பிட்சாகும். பாய் ஓரிடத்தில் தொய்ந்திருந்தால் அன்று பந்து எப்படி எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கிட் பையோ ஒன்றுதான். அவுட்டாகித் திரும்புபவர் கால்காப்பை (பேட்) கழற்றுவதற்குள் அடுத்து இறங்குபவர் அதற்குக் கை நீட்டுவார். மைதானமும் சாமானும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களே ஆட்டத்தின் சொந்தக்காரர்கள் என்பதைப் புச்சிபாபு அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரு தரப்பும் சமமாக மோதும் ஆட்டம் ஒன்றுக்கு அவர் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பை இணங்க வைத்தார். அது நடக்கவிருந்த 1908ஆம் ஆண்டிலேயே, நாற்பது வயதளவில் காலமானார். அவர் போட்ட விதை வீணாகவில்லை. இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதிய மாகாணப் போட்டி, அதாவது பிரெசிடென்சி மேட்ச், 1915-16 பருவத்தில் முதல்தரப் போட்டி என்ற அதிகாரபூர்வத் தகுதியுடன் தொடங்கி, சுதந்திரத்துக்குப் பின்னும் சில ஆண்டுகள், 1951-52 வரை நீடித்தது. பொங்கல் விடுமுறையில் நடந்ததால் சென்னைவாசிகளுக்கு அது பண்டிகையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டிருந்தது.

அவருடைய மகன்களும் கிரிக்கெட் வீரர்களே. அவர்களில் கோட்டா ராமசாமி, தாய்வழிப் பாட்டனார் வீட்டுக்குச் சுவீகாரம் போனதால் வேறு குடும்பப் பெயர் பெற்றவர். அவர் 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். பிறகு 1936இல், நாற்பது வயதில், இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட் ஆடி மான்செஸ்டரில் 40, 60 என ரன் எடுத்தார். அவர் ஆடிய டெஸ்டுகள் இரண்டே. சராசரி 56க்கும் மேல். 1985இல் ஒருநாள் வீட்டை விட்டு வெளியேறியவர் திரும்பி வரவேயில்லை என்பது, கிரிக்கெட்டுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும், சொல்லாமல் விட மனம் வரவில்லை.

யுனைடெட் கிளப்புடன் கதை முடியவில்லை. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், எழும்பூர் என்று பேட்டைக்குப் பேட்டை கிளப்புகள் கிளம்பின. இவற்றில் திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பை மட்டும் குறிப்பிடுகிறேன். வேகப்பந்து வீச்சாளர் எம்.ஜே. கோபாலனின் திறமையைக் கண்டுகொண்டு அவரை அந்தக் கிளப்பில் சேர்த்துவிட்டவர், பிரெசிடென்சி போட்டிகளில் ஐரோப்பியர் தரப்பில் ஆடிய சி.பி. ஜான்ஸ்டன் என்பது கவனிக்கத்தக்கது. 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய முதல் ரஞ்சிப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் கோபாலன்; அந்தப் போட்டி ஒரே நாளில் முடிந்துபோனது, ஏ.ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட் எடுத்தார். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடிய கோபாலன், 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுவிட்டு இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அவருக்கு ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ தங்கம் வென்று திரும்பியது.

புச்சிபாபுவின் பெயரில் தொடங்கிய போட்டித்தொடர் உள்ளூர் அணிகளுக்கானதாக இருந்து, பின்னர் வெளிமாநில அணிகளையும் அழைக்கும் தொடராக விரிந்தது. இடையில் சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த அதை 2023இல் மீண்டும் நடத்தத் தொடங்கினார்கள். ரஞ்சிப் பருவத்துக்கு முன் ஆட்டப் பயிற்சி தேடும் அணிகள் இன்று அதற்காகத் தமிழ்நாட்டுக்கு வருகின்றன.