இருநிற நீலக்கல்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

போன மாதம் என் கையில் இருக்கும் ஒரு கல்லின் படத்தைக் காட்டியிருந்தேன். 2.3 கரட், ஒரு பாதி நீலம், மறு பாதி மஞ்சள், நடுவில் நேர்கோடு. அதைப் பார்த்தபின் கிளிநொச்சியிலிருந்து மன்னார் வரை பலர் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். இரத்தினபுரியில் 11 வருடம் பட்டை தீட்டும் மேசையில் இருந்தவன் நான். இப்போது வவுனியாவில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிளிநொச்சி, ஓர் ஆசிரியை: அண்ணை, ஒரே கல்லில் இரண்டு நிறம் எப்படி வரும்? சாயம் ஏற்றினதா?

சாயம் இல்லை, தங்கச்சி. நீலம், மஞ்சள் புஷ்பராகம், சிவப்பு மாணிக்கம் எல்லாமே குருந்தம் என்ற ஒரே கனிமம். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது. ஆங்கிலத்தில் கொரண்டம் என்கிறார்களே, அது நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். எனக்கு அதில் சின்னப் பெருமை உண்டு. சுத்தமான குருந்தத்துக்கு நிறமே கிடையாது. இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்து கலந்தால் நீலம், அதற்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே போதும். டைட்டேனியத்தின் துணை இல்லாமல் இரும்பு மட்டும் என்றால் மஞ்சள். நம் நாட்டு மஞ்சள் கற்கள் பலவற்றில் இரும்பும் குறைவு. பளிங்கின், அதாவது குருந்தப் படிகத்தின், அணு ஒழுங்கில் இருக்கும் சிறு குறையே அவற்றுக்கு நிறம் கொடுக்கிறது.

பளிங்கு மண்ணுக்கடியில் அடுக்கடுக்காக வளரும். வளரும்போது சுற்றியுள்ள இரசாயனம் மாறினால் அடுத்த அடுக்கின் நிறமும் மாறும். நீங்கள் பார்க்கும் அந்தக் கோடு, அப்படி மாறிய இடம்.

மாங்குளம்: என்னுடைய கல் நேரே பார்த்தால் நல்ல நீலம், சரித்துப் பார்த்தால் பச்சை கலந்த நீலம். இதுவும் இருநிறமா?

இல்லை. நீலக்கல்லின் இயல்பு அது. பளிங்கின் ஒரு திசையில் ஒரு நீலமும் வேறு திசையில் இன்னொரு நீலமும் தெரியும். கல்லை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். நிறம் முழுக்கல்லிலும் சேர்ந்து மாறினால் திசையால் வருவது. கல்லின் ஒரே மூலையில் மஞ்சள் அசையாமல் நின்றால்தான் இருநிறம்.

வவுனியா, ஒரு தாய்: மகளின் கலியாணத்துக்கு 3 கரட் நீலம்-மஞ்சள் கல் வைத்திருக்கிறோம். நீளமான கல், கோடு குறுக்கே போகிறது. மஞ்சள் பக்கத்தைத் தங்கத்துக்குள் மறைத்துவிடலாம் என்று பத்தர் சொல்கிறார். என்ன செய்யலாம்?

தயவுசெய்து மறைக்க வேண்டாம், அம்மா. பத்தரைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அப்படித்தான் கற்றுத் தந்தார்கள். இரண்டு நிறத்தை ஒன்றாகக் காட்டுவதே அந்தக் காலத்துத் திறமை. ஆனால் அந்த மஞ்சளை மூடினால் உங்களிடம் இருப்பது ஒன்றரைக் கரட்டுச் சாதாரண நீலம். மூடாவிட்டால் இதற்கு இணையான இன்னொன்றைத் தேடி எடுப்பதே கஷ்டம்.

நகையின் வரைபடத்தை முதலில் போட்டுவிட்டுக் கல்லை அதற்குள் திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. கல்லிலிருந்து தொடங்குங்கள். கொஞ்சம் தேன்மெழுகு எடுத்து ஒரு பழைய மோதிரத்தின் மேல் கல்லை ஒட்டி, மகளை ஒரு நாள் வீட்டுக்குள் போட்டுத் திரியச் சொல்லுங்கள். முதலில் விரலோடு நீளமாக, பிறகு விரலுக்குக் குறுக்காக. காலை வெளிச்சத்தில், மத்தியான வெயிலில், இரவு விளக்கில் பாருங்கள். எந்தப் பக்கம் நீலம் இருக்க வேண்டும் என்பதை அவள் கையே சொல்லிவிடும்.

மோதிரம் சரிவராவிட்டால் பதக்கம். நானென்றால் இந்தக் கல்லைப் பதக்கமாகத்தான் செய்வேன். மஞ்சள் பாதி மேலே, சங்கிலியை ஒட்டி. தங்கத்தின் நிறம் அப்படியே மஞ்சளுக்குள் இறங்கி, அங்கிருந்து நீலத்தில் போய் முடியும். கல்லின் அடி கட்டாயம் திறந்திருக்க வேண்டும். அடி மூடிய கூட்டில் வைத்தால் நீலம் இருண்டு, மஞ்சள் அழுக்காகத் தெரியும். நாலு மூலையில் மெல்லிய கால்கள் கவ்வினால் போதும். 22 கரட் தங்கம் மென்மையானது, நாளடைவில் கால்கள் விரியும். கல்லைக் கவ்வும் பகுதியை மட்டும் 18 கரட்டில் செய்யச் சொல்லுங்கள்.

நீலப் பக்கம் வெள்ளைத் தங்கமும் மஞ்சள் பக்கம் மஞ்சள் தங்கமுமாகச் செய்வது இப்போது நாகரிகம். எனக்கு அது பிடிப்பதில்லை, கண் கல்லை விட்டு உலோகத்துக்குப் போய்விடும். சுற்றிவர வெள்ளைக் கல் வரிசையும் வேண்டாம். அந்தப் பளபளப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் வெளிறிப்போகும்.

இன்னும் ஒன்று. கல்லை மறுபடி பட்டை தீட்டச் சொல்லி யாராவது கேட்டால், நீண்ட படிகளாக வெட்டும் எமரல்ட் கட் போன்ற முறைக்கு மட்டும் சம்மதியுங்கள். சின்னச் சின்ன முகங்களாக வெட்டினால் ஒரு பக்க ஒளி மறுபக்கத்துக்குத் தெறிக்கும். நீலமும் மஞ்சளும் கலந்து நடுவில் பச்சையாகி, கோடு காணாமல் போகும்.

முல்லைத்தீவு: முழு நீலம் என்று வாங்கிய கல், பக்கவாட்டில் பார்த்தால் தண்ணீர் போல வெள்ளையாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

கல் பொய்யில்லை. இரத்தினபுரிப் பக்கம் ஒட்டு என்று ஒரு வகை உண்டு. வெள்ளைப் பளிங்கில் ஒரு பக்கம் மட்டும் நீலம் திட்டாக ஒட்டியிருக்கும். வெட்டுபவர் அந்தத் திட்டைக் கல்லின் அடி முனையில் வைத்துத் தீட்டுவார். மேலிருந்து பார்க்கும்போது அந்தச் சின்ன நீலம் எல்லா முகங்களிலும் தெறித்துக் கல் முழுவதும் நீலமாகத் தெரியும். தேர்ந்த கைவேலை அது. விற்றவர் அதைச் சொல்லாமல் முழு நீலத்தின் விலை வாங்கியிருந்தால், அதுதான் பிழை. அடுத்த முறை வெள்ளைத் தாளில் கல்லைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள்.

மன்னார்: மோதிரம் இறுக்கமாகிவிட்டது. கல்லோடு சேர்த்தே பெரிதாக்கலாமா?

கூடாது. கல்லைக் கழற்றாமல் நெருப்புக் காட்ட விடாதீர்கள். பற்ற வைக்கும்போது பூசும் வெங்காரம் சூட்டில் நீலக்கல்லின் மேற்பரப்பையே அரிக்கும். மஞ்சள் நிறமும் சூட்டில் மங்கக்கூடும். என் தங்கையின் மோதிரத்துக்கு இதுதான் நடந்தது. ஒரு கடையில் கொடுத்து அரை மணித்தியாலத்தில் திரும்ப வாங்கினாள். கல்லின் முகமெல்லாம் பனி படிந்த கண்ணாடி போல ஆகிவிட்டது. நான் திரும்பத் தீட்டிக் கொடுத்தேன், எடை குறைந்தது. அந்தக் கல்லை 6 வருடம் முன் வெட்டியவனும் நான்தான், அதனால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

புதுக்குடியிருப்பு: கிணறு வெட்டும்போது நீலமும் வெள்ளையுமாக ஒரு கல் கிடைத்தது. நீலக்கல்லாக இருக்குமா ஐயா?

நம் நாட்டு இரத்தினக்கல் பெரும்பாலும் இரத்தினபுரி, எலஹெர போன்ற இடங்களின் ஆற்றுப் படிவுகளில்தான் கிடைக்கிறது. உங்கள் பக்கத்து நிலத்தில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. அதற்காக எறிந்துவிடாமல் இப்படிச் சோதியுங்கள். நகைத் தராசில் முதலில் காற்றில் நிறுங்கள், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். குருந்தம் தண்ணீரை விட 4 மடங்கு அடர்த்தி. 8 கிராம் கல் தண்ணீருக்குள் 6 கிராம் காட்டினால் என்னிடம் கொண்டுவாருங்கள். 5 கிராம் காட்டினால் அது பெரும்பாலும் வெறும் படிகக்கல் (குவார்ட்ஸ்). கல் கிடைத்த உற்சாகத்தில் காணியைத் தோண்டத் தொடங்க வேண்டாம், அகழ்வுக்கு இரத்தினக்கல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

மல்லாவி: சாத்திரியார் பீதாம்பரி நீலம் போடச் சொன்னார். அது இந்தக் கல்தானா?

ஆம், நீலமும் மஞ்சளும் ஒன்றாக உள்ள கல்லைத்தான் அப்படிச் சொல்வார்கள். நீலம் சனிக்கு, புஷ்பராகம் குருவுக்கு என்பதால் இரண்டும் சேர்ந்தது என்று கணக்கு. பலன் பற்றிச் சாத்திரியாரிடமே கேளுங்கள். நான் கல்லைப் பற்றி மட்டும் சொல்வேன்: அந்தப் பெயர் ஒட்டியதும் விலை ஏறும், போலியும் வரும்.

வெள்ளைப் பீங்கான் கோப்பையில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டு, பத்து மடங்கு கண்ணாடியால் பாருங்கள். இயற்கைக் கல்லில் நிறக்கோடு நேராக ஓடும், அல்லது தேன்கூட்டின் மூலை போல மடங்கும். வளைந்த கோடுகள் தெரிந்தால் உலையில் உருக்கி வளர்த்த கல். கல்லின் இடுப்பைச் சுற்றி நிறம் மட்டமாகப் பிரிந்து, அந்த மட்டத்தில் சின்னக் குமிழிகள் இருந்தால் இரண்டு துண்டு ஒட்டியது. நிறத்தை மாற்றப் பெரிலியம் என்ற தனிமத்தைச் செலுத்திச் சூடாக்கிய கல்லைக் கண்ணால் பிடிக்க என்னாலும் முடியாது, ஆய்வுகூடம்தான் வேண்டும். பெரிய பணம் கொடுப்பதற்கு முன் கொழும்பில் அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் காட்டுங்கள்.

செட்டிகுளம்: பாதி ரோசா, பாதி செம்மஞ்சள் கல். பத்மராகம் (padparadscha) என்று விற்கலாமா?

விற்க வேண்டாம். அந்தப் பெயர் ரோசாவும் செம்மஞ்சளும் கலந்த குருந்தத்துக்கு உரியது. இரண்டு நிறமும் கல் முழுவதும் கலந்து நிற்க வேண்டும். கண்ணுக்கே பாதி பாதியாகத் தெரிந்தால் ஆய்வுகூடங்கள் அந்தப் பெயரைத் தருவதில்லை. இருநிறக்கல் என்றே சொல்லி விற்றுவிடுங்கள், வாங்க ஆள் இருக்கிறது. விற்பதற்கு முன் எனக்கு ஒரு தடவை காட்டினால் சந்தோஷம்.