டார்ச் கேட்டா பேரன் ஏன் மிரண்டான்?

கேள்வி: எனக்கு வேலூர் சத்துவாச்சாரி. பெரிய பையன் அமெரிக்காவுல, சின்னவன் லண்டன்ல. பொங்கலுக்கு எல்லாரும் வந்திருந்தப்ப கரண்ட் போச்சு, "டார்ச் எடுத்தாடா"ன்னேன், அமெரிக்கப் பேரன் "வீட்டுக்குள்ள நெருப்பா பாட்டி?"ன்னு மிரண்டுட்டான். சின்ன மருமக "குக்கரைத் துடைச்சிட்டேன் அத்தை"ன்னா, போய்ப் பாத்தா குக்கர் அடிப்பிடிச்ச சோத்தோட அப்படியே கெடக்குது. ஜூன்ல பெரியவன் வீட்டுக்குப் போறேன், மிக்ஸியும் எடுத்துட்டுப் போறதா இருக்கேன். எந்த ஊர் இங்கிலீஷைத்தான் பேசறது?

பதில்: அக்கா, முதல்ல அந்த மருமகப் பொண்ணை விட்டுடுங்க, அவ பொய் சொல்லல. லண்டன்ல குக்கர்னா அடுப்பு, ஓவனோட சேத்து மொத்த அடுப்பும். அதைப் பளபளன்னு துடைச்சி வெச்சிருப்பா, நீங்க அடுப்பைப் பாக்காம சிங்க்கைப் பாத்திருக்கீங்க. பேரன் மேலயும் தப்பில்ல. அமெரிக்காவுல டார்ச்னா தீப்பந்தம், இல்லன்னா காஸ் வெல்டிங்காரர் கையில நீலமா எரியுமே அது. பேட்டரி போட்டு அடிக்கிறது ஃப்ளாஷ்லைட்.

தெரியாத பேரால தொல்லையே இல்லக்கா, குழாயை ஃபாசெட்னு சொன்னா முழிப்போம், இன்னாதுன்னு கேப்போம், முடிஞ்சிது. தெரிஞ்ச பேருதான் கவுத்துடும். நான் அமெரிக்காவுல தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப அவ "பிராய்லரை ஆன் பண்ணு"ன்னா, நான் ஃப்ரிட்ஜைத் திறந்து கோழியைத் தேடிட்டிருந்தேன், ஆம்பூர்ல பொறந்தவ புத்தி வேற எங்க போவும்! ஓவனுக்குள்ள மேலருந்து அனல் அடிக்கிறதுக்குத்தான் அந்தப் பேராம். லண்டன்ல அதையே கிரில்லும்பாங்க, நமக்கு கிரில்லுன்னா ஜன்னலுக்கு அடிச்சு மாட்டுறது. கீசர்னு கேட்டுடாதீங்க, அமெரிக்காவுல அது யெல்லோஸ்டோன் பார்க்குல பூமியப் பொத்துக்கிட்டு பீச்சுற வெந்நீர் ஊத்து. (மே மாசத்துல நமக்கு மொட்டைமாடி டேங்கே கீசர், அது வேற.)

இதுல ஒரு கூத்து, வீடு கூட்டுற வேக்குவம் மெஷினை லண்டன்காரங்க ஹூவர்னுதான் சொல்றாங்க, அந்த ஹூவர் கம்பெனி அமெரிக்காவுல ஒஹையோவுல 1908ல தொடங்கினது, ஆனா அமெரிக்காக்காரன் வேக்குவம்னுதான் சொல்றான். நம்ம கதையும் அப்படித்தான். ராணிப்பேட்டையில பொறந்து 1900ல வேலூர்ல ஒத்தைக் கட்டிலோட ஆஸ்பத்திரி ஆரம்பிச்ச ஐடா ஸ்கட்டர் அமெரிக்கக் குடும்பத்து அம்மா, இத்தனை வருஷம் பக்கத்துல இருந்தும் நம்ம வாயில ஒட்டுனது டார்ச்சு, லிஃப்ட்டு, டேப்புன்னு கோட்டையில இருந்த பிரிட்டிஷ்காரன் பேருதான்.

அங்க போயி நீங்க தமிழே பேசுங்க, சாமானைக் கையால காட்டுங்க, போதும். மிக்ஸியை மட்டும் தூக்காதீங்க. இங்க 230 வோல்ட், அங்க 120 தான், சட்னி அரைபடாது, மொனகிட்டு நிக்கும். இஸ்திரிப் பொட்டியும் வேணாம், 1000 வாட் பொட்டி அங்க 270 வாட்டுதான் இழுக்கும், பட்டுப்புடவை சுருக்கம் இன்னும் ரெண்டு ஜாஸ்தியாவும். அந்த ஊர் கரண்ட்டுக்குன்னே செஞ்ச நம்ம மிக்ஸி அங்கயே கிடைக்குது, பையனை வாங்கி வெக்கச் சொல்லுங்க. அந்த வெயிட்டுக்கு வத்தலும் இட்லிப் பொடியும் கட்டிக்குங்க, டப்பா மூடியை டேப் போட்டு நல்லா சுத்துங்க. ஒட்டுற டேப்பைச் சொல்றேன்க்கா, குழாயை இல்ல.