வால்வு ஆம்பா, டிரான்சிஸ்டர் ஆம்பா?

பெரம்பூரிலிருந்து: சார், வால்வு ஆம்பில் (கண்ணாடிக் குழாய் போட்ட ஆம்ப்ளிஃபயரில்) பாட்டு இனிமையாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் அந்த இனிமையில் ஒரு பங்கு வால்வு சேர்ப்பது. ஒற்றை வால்வு அவுட்புட் உள்ள ஆம்பில் இரண்டாவது ஹார்மோனிக், அதாவது மூல ஒலியின் இரு மடங்கு அதிர்வெண், கூடுதலாக வரும். ஸட்ஜம் பாடினால் மேல் ஸட்ஜமும் மெலிதாகக் கூடவே ஒலிக்கும். சுருதியோடு சேர்ந்து வருவதால் காது அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. குரலும் வீணையும் அதில் மிக அழகாக இருக்கும். மிருதங்கத்துக்கு மட்டும் நான் டிரான்சிஸ்டர் பக்கம்தான். அது ஸ்பீக்கர் கோனைப் பிடித்து நிறுத்தும், தொப்பியின் (இடப் பக்கத்தின்) கும்கி என்ற கனத்த நாதம் குழையாமல் வரும். பல வால்வு ஆம்ப்களில் அந்தப் பிடி தளர்வு.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, என் டிரான்சிஸ்டர் ஆம்ப் 50 வாட்ஸ். 5 வாட்ஸ் வால்வு ஆம்ப் போதுமா?

உங்கள் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்ற கணக்கு, என்ன தம்பி? அதைப் பார்க்காமல் வாட்ஸைப் பேசிப் பயனில்லை. 84 டெசிபல் ஸ்பீக்கரில் 50 வாட்ஸ் தரும் சத்தத்தை 94 டெசிபல் ஸ்பீக்கரில் 5 வாட்ஸே தந்துவிடும். இன்றைய சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் பலவும் 85ஐ ஒட்டியவை, அவற்றுக்கு 5 வாட்ஸ் திணறும். காசு இருந்தால் முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: ரிச்சி ஸ்ட்ரீட்டில் குறைந்த விலைக்கு வால்வு மாட்டிய போர்டு பார்த்தேன். வாங்கலாமா?

வால்வின் சக்தியை ஸ்பீக்கருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் வால்வு ப்ரீஆம்ப் (முதல் கட்டப் பெருக்கி) மட்டும்தான், ஸ்பீக்கரை ஓட்டுவது ஐசி சிப்.

தாம்பரத்திலிருந்து: தாத்தாவின் வால்வு ஆம்ப் பரணில் கிடைத்தது. பிளக்கைச் செருகிப் பார்க்கட்டுமா?

தயவுசெய்து வேண்டாம். பல வருடம் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) கெட்டிருக்கும், செருகியதும் வெடிக்கலாம். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கண்டென்சரில் தங்கி நிற்கும், உயிருக்கே ஆபத்து. வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் கண்டென்சர்களை மாற்றிவிட்டு, கரண்ட் அதிகம் பாயாமல் தடுக்க சீரிஸில் ஒரு பல்பு போட்டு மெதுவாக உயிர் கொடுப்பார். கடற்கரைப் பக்கம் இருந்த செட் என்றால் வால்வு சாக்கெட்டில் உப்புக்காற்று அரித்திருக்கும், அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பில் பாட்டு ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். தாத்தா செட்டில் இருப்பது போலவே இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.