வரி கட்டுவது ஒருத்தர், வாடகை வாங்குவது ஒருத்தர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் 2016-இல் இறந்துவிட்டார். அம்மா, அண்ணன், அக்கா, நான் என்று நாலு பேர் இருக்கிறோம். மாடியில் அண்ணன் குடும்பமும் அம்மாவும். கீழே இரண்டு கடை, வாடகையை அண்ணன்தான் வாங்கிக்கொள்கிறார். அரையாண்டுக்கு 2,400 ரூபாய் சொத்து வரியை எட்டு வருஷமாக நான் கட்டுகிறேன். கேட்டால், "நீதான் சம்பாதிக்கிறாயே" என்கிறார். இதைத் திரும்ப வாங்க முடியுமா? கட்டியதற்காக என் பங்கு கூடுமா?
- வாசகி, ஓசூர்

பதில்: பங்கு ஒரு பைசாகூட ஏறாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறையப் பேர் வரி ரசீதை வைத்துக்கொண்டு வீடே தனக்குத்தான் என்று நம்பி வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது, கட்டாதவரின் பங்கும் அதனால் குறையாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும், அப்பா இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டால், நாலு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. வருஷ வரி 4,800-இல் உங்களுடையது 1,200 மட்டுமே.

மீதியைக் கேட்கலாம். அடுத்தவர் சட்டப்படி கட்ட வேண்டிய பணத்தை, அந்தச் சொத்தில் அக்கறை உள்ள நீங்கள் கட்டினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதனால் எட்டு வருஷத்துக்கான 38,400-ஐ நினைத்துக்கொண்டு போகாதீர்கள், கடைசி மூன்று வருஷத்துக்கு ஆளுக்கு 3,600 என்பதுதான் உறுதியாகக் கேட்கக்கூடியது. அம்மாவிடம் அந்த 3,600-ஐக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, சட்டம் இடம் கொடுத்தாலும்.

அண்ணன் விஷயம் வேறு. குடியிருக்கும் பகுதியைவிடக் கடைப் பகுதிக்கு வரி அதிகம். மாநகராட்சி அலுவலகத்தில் உங்கள் வீட்டின் வரி எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று போடப்பட்டிருக்கிறது என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கடையால் ஏறிய தொகையை வாடகை வாங்குகிறவர் ஏற்பதுதான் நியாயம். அதைவிட முக்கியம், அந்த வாடகையிலேயே உங்களுக்கும் அக்காவுக்கும் அம்மாவுக்கும் கால் கால் பங்கு இருக்கிறது. வரியைவிட வாடகை எத்தனையோ மடங்கு பெரிய தொகையாக இருக்கும், அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, படித்தபோது எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது. இனிமேல் வாடகையிலிருந்தே வரியை எடுத்துக் கட்டிவிட்டு மீதியை நாலாகப் பிரிப்போம் என்று அண்ணனுக்கு எழுதிக் கேளுங்கள். பேச்சோடு விட வேண்டாம்.

அதுவரை கட்டுவதை நிறுத்தாதீர்கள். வரிவிதிப்பு எண் ஒன்றுதான், என் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் கணக்குத் தீராது, பாக்கி மொத்த வீட்டின் மேல்தான் நிற்கும், மாதம் 1 சதவீதம் வட்டியும் ஏறும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. ரொக்கமாக மட்டும் கட்டாதீர்கள். ரசீது இன்னும் அப்பா பெயரில்தானே வரும், கட்டியது நீங்கள் என்று காட்ட உங்கள் வங்கிக் கணக்குதான் சாட்சி. அப்படியே இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கொடுத்து நாலு பேர் பெயரையும் ஏற்றச் சொல்லி மனுப் போடுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவான பிறகு அவரவர் பகுதிக்குத் தனி எண் வாங்கிக்கொள்ளலாம், அப்புறம் இந்தத் தகராறே இருக்காது.

கேள்வி: ஐந்து பேர் பெயரில் கூட்டுப் பட்டா, மூன்று ஏக்கர். கிஸ்தியை, அதாவது நிலவரியை, நான் ஒருவனே கட்டுகிறேன். ஆளுக்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?
- வாசகர், மணப்பாறை

பதில்: பத்திரப்படி அவரவருக்கு எவ்வளவு நிலமோ அந்த அளவில்தான். சமபங்கு என்றால் ஆளுக்கு 60 சென்ட், கிஸ்தியில் ஐந்தில் ஒன்று. தொகை சின்னது என்பதால் சண்டை போடாமல் விட்டுவிடலாம் என்று தோன்றும், சரி, விடுங்கள், ஆனால் ரசீதுகளைப் பசலி வாரியாக, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு வாரியாக, சேர்த்து வையுங்கள். ஜூலை 1-இல் பசலி ஆண்டு பிறப்பதால் காலண்டர் வருஷத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உண்மையில் நீங்கள் செய்ய வேண்டியது உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவது. ஐந்து பேரும் ஒத்துக்கொண்டு பாகப்பிரிவினை பதிவு செய்தால் சர்வேயர் வந்து அளந்து கொடுத்துவிடுவார். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அவரிடம் பவர் பத்திரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய அடுக்குமாடியை இடித்துவிட்டார்கள். ஆறு வீட்டுக்காரர்கள். இப்போது காலிமனை வரியை எப்படிப் பிரிப்பது?
- வாசகர், சென்னை

பதில்: கட்டடம் இருந்தவரை உங்கள் வீட்டின் பரப்பளவுக்கு வரி. இடித்த பிறகு உங்களிடம் இருப்பது மனையில் பிரிபடாத பங்குதான், பத்திரத்தில் அது எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். அந்த விகிதத்தில் பிரியுங்கள், ஆறாகச் சமமாக அல்ல. புதுக் கட்டடம் கட்டப் பில்டரோடு போட்ட ஒப்பந்தத்தில், கட்டி முடிக்கும் வரை வரியை அவர் ஏற்பதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அவரிடம் கேட்டு, ஒப்புக்கொண்டால் துணை ஒப்பந்தமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.