ஓவன் போன்றவற்றின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பிஐடி கன்ட்ரோலருக்குக் கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை அனுப்பி செட்பாயின்ட் (எட்ட வேண்டிய வெப்பநிலை) மாற்றவும் கேலிபரேட் செய்யவும் (காட்டும் அளவைச் சரிபார்த்துத் திருத்தவும்) முடியுமா?

முடியும். கன்ட்ரோலரின் பின்பக்கம் ஏ, பி என்று இரண்டு முனைகள் இருந்தால் அது ஆர்எஸ்-485 என்ற ஒயர் இணைப்பு. அதில் பேசும் மொழி பெரும்பாலும் மாட்பஸ் ஆர்டியூவாக இருக்கும். 1979-இல் வந்த சங்கதி, இன்னும் ஓய்வு பெறவில்லை. நமக்கு அதில் இரண்டு கட்டளைகள் தெரிந்தால் போதும்: 03 என்றால் ரெஜிஸ்டரைப் (கன்ட்ரோலருக்குள் ஒரு எண்ணை வைத்திருக்கும் இடம்) படி, 06 என்றால் ரெஜிஸ்டரில் எழுது.

பதிலே வரவில்லை என்றால் பாட் ரேட் (அனுப்பும் வேகம்), பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்), ஸ்லேவ் எண் (கன்ட்ரோலரின் முகவரி) மூன்றும் இரு பக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அப்புறம் ஏ-பி ஒயரை மாற்றி மாட்டிப் பாருங்கள்.

பதில் வர ஆரம்பித்த பிறகுதான் ஆபத்தே. தசமப் புள்ளி லைனில் போகாது, 180.0 டிகிரி வேண்டுமென்றால் 1800 என்று அனுப்ப வேண்டும். மேனுவலில் ரெஜிஸ்டர் எண் 40001 என்று போட்டிருந்தால் லைனில் போக வேண்டிய முகவரி வழக்கமாக 0. இந்த ஒன்றை மறந்துவிட்டு, ஒரு பவுடர் கோட்டிங் ஓவனில் செட்பாயின்ட் என்று நினைத்துப் பக்கத்து ரெஜிஸ்டரில் 1800 எழுதினேன். அது அலாரம் எல்லை. கன்ட்ரோலர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. இப்போதெல்லாம் முதலில் 03 அனுப்பி, வரும் எண்ணும் முகப்பில் தெரியும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்காமல் 06 பக்கம் போவதில்லை.

கேலிபரேஷனுக்கு வருவோம். தூளாக்கிய ஐஸைத் தெர்மாஸில் அடைத்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீரில் நாலு கட்டி மிதந்தால் அது 0 டிகிரி ஆகாது. அதே ஓவனின் பிடி100 வெப்பநிலை சென்சாரை அப்படி வைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். 1.4 காட்டியது. சரி, ஆஃப்செட் (காட்டும் எண்ணோடு கூட்டும் திருத்தம்) மைனஸ் 1.4, அதாவது லைனில் மைனஸ் 14. மைனஸ் குறியும் லைனில் போகாது, அதனால் 65536-இல் (16 பிட் ரெஜிஸ்டர் காட்டக்கூடிய எண்களின் மொத்த எண்ணிக்கை) 14 போக 65522 எழுதினேன். முகப்பில் 0.0. வேலை முடிந்தது என்று டீ குடிக்கப் போனேன்.

டீக்கடையில்தான் உறைத்தது. பிடி100 என்பது 0 டிகிரியில் 100 ஓம், டிகிரிக்குச் சுமார் 0.39 ஓம் ஏறும். 1.4 டிகிரி என்றால் அரை ஓமுக்குக் கொஞ்சம் மேல். அது ஒயரின் மின்தடை ஆயிற்றே! திரும்பி வந்து பார்த்தால், ஒயரின் மின்தடையைக் கழிக்க மூன்று ஒயர் மாட்ட வேண்டிய இடத்தில் இரண்டை மாட்டி, மூன்றாவது முனையை ஷார்ட் செய்து வைத்திருந்தார்கள். மூன்று ஒயர் கேபிள் போட்டு, ஆஃப்செட்டை 0 ஆக்கியதும் ஐஸில் 0.1 காட்டியது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஆஃப்செட் எல்லா வெப்பநிலையையும் ஒரே அளவுதான் நகர்த்தும். ஆகவே ஐஸோடு நிறுத்தாமல் மேலே இன்னொரு புள்ளியிலும் பாருங்கள். கொதிநீர் ஆகலாம், ஆனால் கடல்மட்டத்தில்தான் அது 100. ஊட்டியில் 92, 93-தான் வரும்.

இன்னொன்று. செட்பாயின்ட்டைப் படிப்படியாக ஏற்ற நினைத்து விநாடிக்கு ஒருமுறை 06 அனுப்பும் லூப் போட்டுவிடாதீர்கள். பல கன்ட்ரோலர்கள் நீங்கள் எழுதும் ஒவ்வொரு முறையும் மதிப்பை ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) பதிக்கும். அதன் ஆயுள் 1 லட்சம் தடவை என்று வைத்தால் 28 மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். ராமில் (தற்காலிக நினைவகம்) மட்டும் எழுதும் தனி ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று மேனுவலில் தேடுங்கள். இல்லாவிட்டால் மதிப்பு மாறும்போது மட்டும் எழுதுங்கள். 03-ஐ எத்தனை தடவை அனுப்பினாலும் ஒன்றும் ஆகாது.