முக்கால் மணி நேரக் கணக்கு

கேள்வி: நான் தருமபுரியில் இருக்கிறேன், என் தம்பி கிருஷ்ணகிரியில் இருக்கிறான். எந்தக் காரியத்துக்கு அழைத்தாலும் ஒரு மணி நேரமாவது தாமதித்துத்தான் வருவான். சென்ற மாதம் எங்கள் பூர்வீக நிலத்தின் கிரயப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. பதினோரு மணிக்கு டோக்கன். அவன் வந்தபோது பன்னிரண்டரை. மறுபடியும் வேறொரு நாளுக்கு டோக்கன் போட வேண்டியதாயிற்று. கேட்டால், "அப்பவே கிளம்பிட்டேன்னு சொன்னேனே அக்கா" என்கிறான். இனிமேல் பத்து மணி வேலையை ஒன்பது மணி என்று சொல்லிவிடலாமா?
(வாசகி, தருமபுரி)

பதில்: சொல்லலாம்; ஒரு முறை பலிக்கும், இரண்டாம் முறையும் பலிக்கலாம். அதற்குள் அக்காள் சொல்லும் நேரத்தில் ஒரு மணி நேரம் ஒளிந்திருக்கிறது என்பதை அவர் கண்டுகொள்வார். அதன் பிறகு நீங்கள் மெய்யாகவே ஒன்பது என்றாலும் அவர் காதில் பத்து என்றுதான் விழும்.

உங்களை மதிக்காததால் அவர் தாமதிக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி சுமார் 45 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம் போதும் என்பது அவருடைய மனக்கணக்கு. என்றோ ஒரு விடியற்காலையில், சாலை வெறிச்சோடிக் கிடந்தபோது, அவர் அப்படி வந்தும் இருப்பார். வண்டிச் சாவியைத் தேடுவது, பெட்ரோல் போடுவது, காவேரிப்பட்டணத்தில் ஒரு தேநீர், நான்கு ரோட்டு நெரிசல், வண்டி நிறுத்த இடம் தேடி அலைவது ஆகிய எதற்கும் அந்த முக்கால் மணிக்குள் இடமில்லை.

இந்த மயக்கத்துக்கு உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் 'திட்டமிடல் பிழை' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த உளவியல் மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கும் மேல் பிடித்தது. இந்த 1994 ஆய்வை நடத்தியவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: பிறருடைய வேலைக்கு நேரம் கணிக்கும்போது நாம் இவ்வளவு தாராளமாக நம்பிக்கை வைப்பதில்லை.

ஆகவே கணக்கை நீங்களே போடுங்கள். கடந்த நான்கைந்து முறை அவர் வந்து சேர எவ்வளவு நேரமானது என்று நினைவுகூர்ந்து, வர வேண்டிய நேரத்தோடு வண்டி வாசலைவிட்டு நகர வேண்டிய நேரத்தையும் சொல்லுங்கள். "கிளம்பிட்டியா?" என்று மட்டும் கேட்காதீர்கள், நம் பக்கத்தில் 'கிளம்பிட்டேன்' என்பதற்குக் குளிக்கப் போகிறேன் என்றும் பொருளுண்டு. எந்த ஊரைத் தாண்டியிருக்கிறார் என்று கேளுங்கள்.

காதுகுத்து, வளைகாப்பு போன்றவற்றை அவருக்காக நிறுத்தி வைக்காமல் குறித்த நேரத்தில் தொடங்கிவிடுங்கள். பத்திரப்பதிவு அப்படியல்ல, அவர் கையெழுத்தில்லாமல் அது நடக்காது. அதற்கு மட்டும் முந்தின நாள் இரவே வரவழைத்து, சோறு போட்டு, உங்கள் வீட்டிலேயே படுக்க வையுங்கள்.